சின்ன மாப்பிள்ளையின் குளியல்

அந்த வீட்டில் ஒரே மகள், ஆகவே ஒரே மாப்பிள்ளை. ஆனால் மாமியார் மட்டும் கேட்பவர்களிடமெல்லாம், "எனக்கு ரெண்டு மாப்பிள்ளைங்க," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை, வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சின்ன மாப்பிள்ளை, குளியலறைக் கம்பியில் தலையில்லாமல் தொங்கிக்கொண்டிருப்பவர்: தண்ணீருக்குள் இறங்க மகள் போட்டுக்கொள்ளும் ரப்பர் டைவிங் சூட்.

"பெரியவரால எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது. போட்டதைச் சாப்பிடுவாரு, போய் ஒரு மூலையில உக்காந்துக்குவாரு. இந்தச் சின்னவரு இருக்காரு பாருங்க, குளிக்கப் போனா ரெண்டு மணி நேரம். அதுவும் தானாக் குளிக்க மாட்டாரு. பெரியவருதான் குளிப்பாட்டி விடணும்!"

அதில் பொய் ஒன்றும் இல்லை. மகள் வேலை பார்த்தது ஒரு பெரிய கடைவளாகத்தின் கீழ்த்தளத்தில். அங்கே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் நானூறு மீன். அவள் தினமும் தொட்டிக்குள் இறங்கி உட்பக்கக் கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைப்பாள். நாலு மணி ஆனால் முகமூடியில் இருக்கும் மைக்கில் பேசி, வெளியே நிற்கிற கூட்டத்துக்கு மீன்களை அறிமுகப்படுத்துவாள். வேலையில் சேர்ந்த முதல் மாதம், சூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு எடுத்து, உச்சி வெயிலில் காயவைத்தாள். மாலையில் பார்த்தால் சூட் தானாகவே நின்றது. கையை மடக்கினால் கண்ணாடி உடைவது மாதிரி ஒரு சத்தம். தொட்டி மேனேஜர் இன்னொன்று கொடுத்தார். "இதுவும் போச்சுன்னா நீங்க வீட்டுத் துணியோடதான் இறங்கணும்," என்று ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

செத்துப்போன முதல் சூட்டை வாட்ச்காரர் மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரைக் கண்டாலே மூன்று அடி பின்னால் போகிறவர். ஆனால் ஒரு பொருள் கவனிப்பில்லாமல் வீணாய்ப்போவதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"இது துணி இல்ல," என்றார் மனைவியிடம். "இது மெஷின். இனிமே நீ இதைத் தொடாத. போட்டுக்க, கழட்டு, என்கிட்ட கொடு. அவ்வளவுதான்."

அன்று ஆரம்பித்தது சின்ன மாப்பிள்ளையின் ராஜவாழ்க்கை. அவருக்கென்று ஒரு நீல டப். அதில் குளிர்ந்த நல்ல தண்ணீர், குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு அரை மூடி. அரைமணி ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டி மறுபடியும் ஊறவைப்பார். ஜிப்புக்குத் தனி வைத்தியம். கடையிலிருந்து வாட்ச் பார்க்கிற கண் லென்ஸைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு, ஜிப்பின் ஒவ்வொரு பல்லிலும் உப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியில் மெழுகு தடவுவார். தோள்பட்டை அமுங்கக்கூடாது என்று துண்டு சுற்றிய தடித்த ஹேங்கர். வெயில் படாத, காற்று வருகிற இடம். கழுத்துப்பட்டை மடங்காமல் இருக்கிறதா என்று படுக்கப் போவதற்கு முன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

"என் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படி எழுந்து பாக்கல," என்பார் மாமியார்.

"அவளுக்கு ஜிப் இல்லையே அத்தை," என்பார் வாட்ச்காரர், கிண்டல் புரியாமல்.

ஒரு புதன்கிழமை அவருக்குக் கடுமையான சளி. மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டு, பேசினால் டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கென்று பார்த்து மாமியார் மார்க்கெட்டில் இறால் நன்றாக இருந்ததைப் பார்த்து மூன்று கிலோ வாங்கிவந்துவிட்டார். மூன்று கிலோ இறாலை உரிக்க சமையலறைச் சட்டி போதுமா? குளியலறையில் அந்த நீல டப் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டார். பால்கனியில் உட்கார்ந்து, தலையும் ஓடுமாக ஒரு மணி நேரம் அதில் உரித்து, அலசி, வேலை முடிந்ததும் டப்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற நல்ல பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு.

மாலையில் வாட்ச்காரர் அதே டப்பில் சூட்டை ஊறப்போட்டார். வீடு முழுக்க இறால் வாசனை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அடுப்பிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்திருப்பார். அதோடு அன்று அவர் கடையிலிருந்து வரும் வழியில் ஒரு புதுச் சாமான் வாங்கிவந்திருந்தார்: பூ வாசனை போட்ட தலைமுடிக் கண்டிஷனர். அதை உள்பக்கம் தடவினால் சூட் உடம்பில் சுலபமாக ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு மூடி ஊற்றினார். கடைசியாக ஒருமுறை அலசலாம் என்று குழாயைத் திறந்தால், குழாய் 'கொர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. சரி, போகட்டும் என்று அப்படியே எடுத்து மாட்டினார். இரண்டு வருடத்தில் அவர் 'போகட்டும்' என்று சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான்.

இனி பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொட்டியில் இருந்த மீன்களிலேயே பெரியது ஒரு களவா மீன். ஆளை விழுங்கிவிடும் போல வாய், தொங்கிய உதடு, அறுபது கிலோ எடை. கல்யாண வீட்டில் மரியாதை குறைந்துவிட்டது என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போலவே அது ஒரு பாறைக்குப் பின்னால் கிடக்கும். அதனால் தொட்டி ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பெரியப்பா. ஆறு வருடமாக அது பகலில் வெளியே வந்ததே இல்லை. தீனி போடுகிறவர் மேலேயிருந்து நீளக் கம்பியில் மத்தி மீனைக் குத்தி நீட்டினால், வாயை மட்டும் வெளியே காட்டி வாங்கிக்கொள்ளும்.

வியாழக்கிழமை மாலை மனைவி வீட்டுக்குள் நுழையும்போதே சிரிப்பும் மூச்சிரைப்புமாக வந்தாள். பையிலிருந்து சூட்டை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்த வாட்ச்காரரின் முகம் வெளுத்துவிட்டது. வலது முழங்கைக்கு மேல் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், சுற்றிலும் ஊசி குத்தின மாதிரி வரிசையாகப் புள்ளிகள்.

"யாரு பண்ணினது இது?"

"பெரியப்பா!"

"எந்தப் பெரியப்பா? உங்கப்பாவுக்குத்தான் அண்ணனே கிடையாதே?"

"ஐயோ, மீனுங்க! இன்னிக்கு நான் இறங்கி ரெண்டு நிமிஷம்கூட ஆகல, பாறைக்குப் பின்னாலேருந்து புறப்பட்டு நேரா என்கிட்ட வந்துடுச்சு. நான் இந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம். முதுகுல முட்டுது, கால்ல முட்டுது. கடைசியில கையைக் கவ்விக்கிட்டு விடவே மாட்டேங்குது. நான் பயத்துல 'பெரியப்பா, கையை விடுங்க, கையை விடுங்க'ன்னு கத்திட்டேன். மைக் ஆன்ல இருந்துச்சு. மூணு மாடிக்கும் கேட்டுச்சாம்!"

"கையும் களவுமா மாட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் மாமியார். "கையும் களவாவுமா மாட்டினது நீதான்டி."

"கையில அடி ஏதும் பட்டுச்சா?" என்று கேட்டார் வாட்ச்காரர், கிழிசலை லென்ஸால் பார்த்துக்கொண்டே.

"இப்பவாவது கேட்டீங்களே. ஒண்ணும் இல்ல. சூட்டோட போச்சு."

"சூட்டோட போச்சுன்னு எவ்வளவு லேசாச் சொல்ற!"

அன்றே அவர் கிழிசலுக்கு வைத்தியம் ஆரம்பித்தார். இரண்டு ஓரத்திலும் ரப்பர் பசையை மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, ஒட்டும் பதம் வந்ததும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழுத்தினார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை மனைவி தொட்டி ஆட்களிடம் கிடந்த பொதுச் சூட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். விஷயம் பரவி, பெரியப்பாவைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பெரியப்பா மூக்கைக்கூட வெளியே காட்டவில்லை.

அதைக் கேட்டதும் வாட்ச்காரர் தொடையில் தட்டினார்.

"கண்டிஷனர்!"

"என்னது?"

"புதன்கிழமை நான் புதுசா என்ன பண்ணினேன்? கண்டிஷனர் போட்டேன். அந்தப் பொதுச் சூட்டுக்கு யாரு போட்டா? ஒருத்தரும் போடல. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஆறு வருஷமா ஒரு மீன் வெளிய வரலேன்னா, ஆறு வருஷமா தொட்டிக்குள்ள ஒரு சுத்தமான சூட் போகலேன்னு அர்த்தம்."

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் இருக்கும் என்று மனைவிக்குத் தோன்றியது. ஆனால் இரண்டு வருடம் தன் சூட்டைக் குளிப்பாட்டிய மனிதரின் சந்தோஷத்தில் மண்ணைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. போதாததற்கு அவள் இதை வேடிக்கையாக மேனேஜரிடம் சொல்லிவைத்தாள். மேனேஜர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த அரைமணியில் வாட்ச்காரருக்கு அவரே போன் செய்தார்.

"சார், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் ஷோ வச்சிருக்கோம். நீங்களே வந்து மைக்குல பேசணும். சூட்டை எப்படிப் பராமரிக்கிறீங்கன்னு நாலு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்லி முடிக்கவும் பெரியப்பா வெளிய வரவும் சரியா இருக்கணும்."

வாட்ச்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் அவரிடம் யாரும் நாலு வார்த்தை பேசச் சொன்னதில்லை. கடைக்கு வருகிறவர்கள்கூட வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு "எப்ப ரெடியாகும்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். சனிக்கிழமை மதியமே கடையை மூடிவிட்டு வந்தார். நீல டப்பைச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தார். சூட்டை இரண்டு தடவை ஊறவைத்து, நாலு தடவை அலசி, ஐந்து மூடி கண்டிஷனர் போட்டார். மாமியார் குளியலறை வாசலில் துண்டோடு காத்திருந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். சூட்டில் புதன்கிழமையின் சுவடு துளிகூட மிச்சமில்லை. கெட்டிக்காரத்தனமாக, தன் கையாலேயே எல்லாவற்றையும் கழுவி ஊற்றியிருந்தார் மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை வளாகத்தில் நிற்க இடமில்லை. மாடிக் கைப்பிடியெல்லாம் தலைகள். வாட்ச்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு தொட்டிக்குப் பக்கத்தில், ஆனால் கண்ணாடியிலிருந்து மூன்று அடி தள்ளி நின்றார். மாமியாருக்கு முதல் வரிசையில் நாற்காலி. வருகிற வழியில் மார்க்கெட்டில் எதையோ வாங்கி, பையை மடியில் வைத்திருந்தார். மனைவி தொட்டிக்குள் இறங்கி, பாறைக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டு எல்லாருக்கும் கையசைத்தாள்; வெளியே மைக்கில் பேசுவது அவள் முகமூடிக்குள்ளும் கேட்கும்.

"வணக்கம்," என்றார் வாட்ச்காரர். சளியில் அது 'வடக்கம்' என்று கேட்டது. "முதல்ல எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இது துணி இல்ல. இது மெஷின்."

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. வெந்நீர் ஏன் கூடாது, பிழிந்தால் ரப்பருக்குள் இருக்கும் நுரை எப்படி நசுங்கும், அக்குள் மடிப்பில் உப்பு எங்கே ஒளிந்துகொள்ளும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். ஜிப்புக்கு மட்டும் ஏழு நிமிடம். குழந்தைகள் தரையில் படுத்துவிட்டார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அது ஓடவில்லையோ என்று வாட்ச்காரர் ஒரு கணம் கவலைப்பட்டார். பெரியப்பா அசையவில்லை.

ஒலிபெருக்கியில் மனைவியின் குரல் வந்தது. "என்னங்க... சீக்கிரம் முடிங்க. குளிருது."

"இதோ! இப்பதான் கண்டிஷனருக்கு வரேன்," என்றார் அவர். "அந்தப் பூ வாசனை ஒண்ணுக்காகத்தான் பெரியப்பா..." என்று பாறையைப் பார்த்துக் கையை நீட்டினார். கூட்டம் முழுக்கப் பாறையைப் பார்த்தது. ஒரு சின்னக் கோடுபோட்ட மீன் பாறையைச் சுற்றிவந்து, கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

"கிட்டப் போ," என்றார் மனைவியிடம். அவள் போனாள். "கையைக் காட்டு." காட்டினாள். "முதுகைக் காட்டு." திரும்பினாள். பெரியப்பாவும் பாறைக்குப் பின்னால் ஒரு புரள் புரண்டு, வாலை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வாட்ச்காரரின் காது இரண்டும் சிவந்து சுட்டது. "புதன்கிழமை பண்ணின மாதிரியேதான் பண்ணினேன்," என்றார், யாரிடம் என்றில்லாமல். "இன்னும் நல்லாவே பண்ணினேன். டப்பைக்கூட மூணு தடவை தேய்ச்சேன்..."

முதல் வரிசையில் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஏதோ ஒரு விளக்கு எரிந்தது. எழுந்து மருமகனின் காதுக்குப் பக்கத்தில் வந்து, ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். மைக் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"மாப்பிள்ளை, புதன்கிழமை அந்த டப்புலதான் நான் இறால் உரிச்சேன்."

மூன்று மாடியும் அதைக் கேட்டது.

"அத்தை..."

"மூணு கிலோ. தலையெல்லாம் அதுலதான் கிடந்துச்சு. நான் ஒரு செம்பு தண்ணி ஊத்திக் கழுவித்தான் வச்சேன், சும்மா வைக்கல."

தண்ணீருக்குள் மனைவியின் முகமூடியிலிருந்து கொத்துக் கொத்தாகக் காற்றுக்குமிழ்கள் கிளம்பின. அப்புறம் ஒலிபெருக்கியில் ஒரு குரல், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அப்ப வியாழக்கிழமை நான்... இறால் தண்ணியைப் போட்டுக்கிட்டா... அந்த வாய்க்கு முன்னாடி போய் நின்னேன்?"

மானம் கப்பலேறுவது என்றால் என்ன என்று வாட்ச்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் மாமியார் அதோடு விடுகிறவர் இல்லை. மடியிலிருந்த பையைத் திறந்தார். "வர்ற வழியில அரைக் கிலோ வாங்கினேன். சந்தேகம் எதுக்கு? பாத்துடலாம்." தொட்டிக்கு மேலே நின்ற தீனிக்காரர், "ஆறு வருஷமா அதுக்கு மத்தியைத் தவிர எதையும் கண்ணுல காட்டினது இல்லம்மா," என்று சொல்லிக்கொண்டே இறங்கிவந்து ஒரு இறாலை வாங்கிப் போனார். கம்பி நுனியில் குத்தித் தண்ணீரில் விட்டார்.

பாறை அசைந்த மாதிரி இருந்தது. பெரியப்பா புறப்பட்டுவிட்டார். அறுபது கிலோவையும் தூக்கிக்கொண்டு, வழியில் மிதந்த மனைவியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போய், இறாலோடு அரை அடிக் கம்பியையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. தட்டாத ஒரே ஆள் வாட்ச்காரர்.

வீட்டுக்கு வந்த பிறகு நீல டப்பின் பக்கமே அவர் போகவில்லை. சோபா ஓரத்தில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோபமா?"

"எனக்கென்ன கோபம்? கடிபட்டது நீ. கோபப்பட வேண்டியது நீ."

"எனக்குக் கோபம்தான். ஆனா பாருங்க, நீங்க ஒட்டின இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. அந்த மீன் தள்ளின தள்ளுக்கும் பிரியல."

அவர் திரும்பினார். "நிஜமாவா?"

"நிஜமா. இன்னிக்கு சூட் எவ்வளவு லேசா ஏறுச்சு தெரியுமா? இழுத்து மல்லுக்கட்டாம, ரெண்டே நிமிஷம். கண்டிஷனரை விட்டுடாதீங்க."

அப்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "அஞ்சு மூடி போட்டேன்ல," என்றார். "மூணு போதும்."

மறுநாள் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். இனிமேல் தினமும் சூட்டை இறால் தண்ணீரில் முக்கித்தான் அனுப்ப வேண்டும் என்பது அவர் கோரிக்கை. வாட்ச்காரர் எழுந்து நின்று, "என் உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது," என்றார். தன் மனைவியின் கைக்காக இல்லாமல் சூட்டுக்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மனைவி, "என் கை இருக்கிற வரைக்கும் நடக்காது," என்றாள். மேனேஜர் மாமியாரைப் பார்த்தார்.

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "அவ கையை எதுக்குக் கேக்குறீங்க? உங்ககிட்ட ஒரு பொதுச் சூட் இருக்குல்ல? அதுக்குள்ள பழைய துணியைத் திணிச்சு ஒரு பொம்மை செய்யுங்க. நான் அதை இறால் தண்ணியில போட்டு எடுத்துத் தரேன். கயித்துல கட்டி இறக்குங்க. பெரியப்பா அதுகூட சண்டை போடட்டும், கட்டிப் பிடிக்கட்டும், அது அவங்க குடும்ப விஷயம். ஆனா வேலையை எங்க வீட்டுல பண்ண மாட்டேன். எனக்கு அங்கேயே ஒரு இடம், ஒரு நாற்காலி, ஒரு டப் வேணும். உங்க ஆளுங்க போடுற அந்த நீலச் சட்டையும் ஒண்ணு வேணும்."

அப்படித்தான் அறுபத்தொரு வயதில் மாமியார் வேலைக்குப் போனார். வாரத்தில் இரண்டு நாள். முதல் நாள் மாலை நீலச் சட்டையோடு வீட்டுக்குள் நுழைந்து, காலை நீட்டி உட்கார்ந்து, "அப்பாடா," என்றார். "பொம்மைச் சூட்டை அலசி, நல்லா முறுக்கிப் பிழிஞ்சு, ஆணியில மாட்டிட்டு வந்துட்டேன்."

வாட்ச்காரர் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"முறுக்கினீங்களா?"

"முறுக்காம எப்படித் தண்ணி போகும்? தீனிக்காரர் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டாரு, நான் ஒரு முனை."

"ஆணியிலயா மாட்டினீங்க?"

"ரெண்டு ஆணி."

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அது ஏற்கெனவே மீன் கடிக்கிற சூட்தானே, பொம்மை போடுகிற சூட்தானே என்று மனைவி எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். மறுவாரம் மாமியார் வேலைக்குக் கிளம்பும்போது, வாட்ச்காரரும் கடையைத் திறக்கப் போகாமல் பின்னாலேயே வாசலுக்கு வந்தார்.

தொட்டிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், சொட்டச் சொட்ட இறால் நாற்றத்தோடு கிடந்த பொம்மைச் சூட்டை இருவருமாகத் தூக்கினார்கள். அவர் தோள் பக்கம், மாமியார் கால் பக்கம்.

"முறுக்காதீங்க அத்தை, அமுக்குங்க. குழந்தையைத் துவட்டுற மாதிரி."

"குழந்தையா இது? நாத்தம் குடலைப் புடுங்குது மாப்பிள்ளை."

"அதுக்கு அது என்ன பண்ணும், பாவம்," என்றார் அவர். "காலைக் கொஞ்சம் மேல தூக்குங்க."